அழித்துவிட்டோம் என்று சொன்ன முகங்கள்

அந்த மேடம் எங்கள் ஆபீஸுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவர். அரை நாள் லீவு போட்டுவிட்டு எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து வந்திருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து கவுண்டர் மேல் வைத்து, “இது யாரு?” என்று கேட்டார்.

எங்கள் இணையதளத்தின் ஒரு பக்கத்தை யாரோ பிரிண்ட் எடுத்திருந்தார்கள். நீலப் புடவை, தலையில் கொஞ்சம் பூ, போட்டோ ஸ்டூடியோவின் மேகத் திரை. முகம் சந்தேகமே இல்லாமல் எதிரில் நின்றவருடையது. பக்கத்தில் வேறு ஏதோ பெயர். வயது இருபத்து நாலு. ஊர் செங்கல்பட்டு. திருமணமாகாதவர்.

“எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகுது. நிச்சயம் ஆன அன்னைக்கே எங்கப்பா இங்க வந்து, என் விவரத்தை எடுத்துடுங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். இப்ப என் வீட்டுக்காரரோட சித்தி பையனுக்குப் பொண்ணு பாக்குறாங்க. அவங்களுக்கு உங்க சைட்டுல இந்தப் படம் கிடைச்சிருக்கு. வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்து என்னைக் கேள்வி கேட்டாங்க. நான் என்ன பதில் சொல்லணும்?”

குரல் உயரவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நடந்தது இது. மேற்குத் தாம்பரத்தில், ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே, வரன் தேடுவோருக்கான இணையதளம் ஒன்றை நடத்திவந்த ஆபீஸ் எங்களுடையது. மொத்தமே மூன்று பேர். முதலாளி உள்ளே கண்ணாடி அறையில். கவுண்டரில் ஓர் அக்கா; கோவளத்து மீனவக் குடும்பம், தினமும் கேளம்பாக்கம் வழியாக இரண்டு பஸ் மாறி வருவார். பெற்றோர் கொண்டுவரும் போட்டோக்களை ஸ்கேன் செய்வது, விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்வது, கல்யாணம் முடிவானவர்களின் விவரங்களை நீக்குவது எல்லாம் அவர் வேலை. மூன்றாவது ஆள் நான். எம்.சி.ஏ. முடித்துவிட்டு, சேலையூரிலிருந்து ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி வந்துபோனேன். சர்வர், டேட்டாபேஸ், இணையதளம், பிரிண்டரில் சிக்கும் பேப்பர், எல்லாம் என் பொறுப்பு.

அக்கா அந்தத் தாளைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்தார். நீக்கச் சொல்லி எழுதிக்கொடுத்த கடிதங்களையெல்லாம் தனி ஃபைலில் தேதிவாரியாகக் கோத்து வைத்திருப்பார். மேடத்தின் அப்பா எழுதிய கடிதம் இருந்தது. மேலே அக்காவின் கையெழுத்தில், பச்சை மையில், ‘எடுத்தாச்சு’ என்ற குறிப்பும்.

“நாந்தாம்மா எடுத்தேன். எனக்கு நல்லா ஞாபகம் கீது. உங்கப்பா கூட சாக்லேட் குடுத்தாரு,” என்றார் அக்கா.

முதலாளி வெளியே வந்தார். தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, “சாஃப்ட்வேர்ல நம்பர் ஏதோ மாறியிருக்கும் மேடம். டெக்னிக்கல் எரர். ஏம்மா, இதெல்லாம் பாக்கறதில்லையா?” என்றார். கடைசிக் கேள்வி எனக்கு.

நான் என்ன சொல்வேன்? இணையதளம் நான் எழுதியது இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. அதில் எத்தனை ஓட்டைகள் இருந்தன என்று எனக்கே தெரியும். ஒருவரின் படம் இன்னொருவர் விவரத்தில் ஒட்டிக்கொள்வது நடக்கக்கூடியதுதான் என்று நம்பிவிட்டேன். அந்தச் செங்கல்பட்டுப் பெண்ணின் விவரத்தை மேடம் கண் முன்னாலேயே நீக்கினேன். “சாரி மேடம், என் தப்புதான்,” என்றேன்.

அவர் என்னை மட்டும் பார்த்துக் கேட்டார். “என் போட்டோ உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இல்லை மேடம். அழிச்சாச்சு.”

அவர் போய்விட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. சொன்னது சரிதானா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அங்கேதான் என் தலையில் இடி விழுந்தது.

எங்கள் டேட்டாபேஸில் படங்கள் ஆட்களின் விவரங்களோடு சேர்ந்து இருக்காது. பெயர், வயது, ஊர், நட்சத்திரம் எல்லாம் ஒரு டேபிளில் ஒரு வரியாக இருக்கும். படம் மட்டும் பெரிய சரக்கு என்பதால் வேறோர் இடத்துக்குப் போய்விடும். அதற்கு ஒரு நம்பர் விழும். அந்த நம்பர்தான் வரியில் இருக்கும். தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டால் போதும். சைக்கிள் உள்ளே, டோக்கன் சட்டைப்பையில். டோக்கனைக் கிழித்துப் போட்டால் சைக்கிள் காணாமல் போய்விடுமா? அக்கா ‘நீக்கு’ பட்டனை அழுத்தியபோதெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. வரி போயிற்று. படம் உள்ளேயே நின்றது. நானும் அன்று காலை டோக்கனைத்தான் கிழித்திருந்தேன். நீக்கும்போது பார்த்த பட நம்பர் ஞாபகம் இருந்தது.

நம்பரைக் கொடுத்துத் திறந்தேன். நீலப் புடவை. மேகத் திரை. அந்த மேடம் என்னைப் பார்த்தார்.

“இல்லை மேடம்” என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மொத்தம் எத்தனை படங்கள் உள்ளே இருக்கின்றன என்று டேட்டாபேஸை எண்ணச் சொன்னேன். விவரங்களைவிடப் படங்கள் பல மடங்கு. ஆபீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து கல்யாணம் ஆகிப் போனவர்கள், வேண்டாமென்று விலகியவர்கள், நல்ல போட்டோ எடுத்து மாற்றிக் கொடுத்தவர்களின் பழைய போட்டோக்கள் என்று ஒன்றுகூட வெளியே போகவில்லை. டிஸ்க் நிரம்பி சர்வர் திணறுகிறது என்று நான் இரண்டு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்ததற்குக் காரணமும் இதுதான்.

அந்த டேட்டாபேஸின் கையேட்டிலிருந்து சில பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து மதியச் சாப்பாட்டோடு படித்தேன். இந்தச் சிக்கல் ஊரறிந்தது. அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். எந்த வரியும் சுட்டாத இந்தச் சரக்குகளை ‘அநாதை’ என்று அழைக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே ஆத்திரமூட்டியது. யார் அநாதை? ஒவ்வொரு முகத்துக்கும் சொந்தக்காரி இருக்கிறாள். அவள் அப்பாவோ அண்ணனோ நேரில் வந்து, எங்கள் பெண்ணின் படத்தைத் திருப்பிக்கொடு என்கிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். இதில் அநாதை எங்கிருந்து வந்தது?

வழியும் அதே பக்கத்தில் இருந்தது. டேபிளில் ஒரு ட்ரிக்கர் வைக்க வேண்டும். ட்ரிக்கர் என்பது டேட்டாபேஸுக்கு நாம் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் உத்தரவு: இந்த டேபிளில் ஒரு வரி நீங்கும்போதெல்லாம், அந்த வரியில் இருக்கும் நம்பரைப் பார்த்து, உள்ளே இருக்கும் படத்தையும் நீயே அழித்துவிடு. அக்கா ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம், நான் வேண்டாம், எனக்குப் பிறகு வரும் ஆளும் வேண்டாம். வரி போனால் படம் போகும். படத்தை மாற்றினால் பழைய படம் போகும். பெயரில் எழுத்துப்பிழை திருத்தினால் மட்டும் படத்தைத் தொடாது.

தயாராகவே ஒன்று கிடைத்தது. ஆனால் நான் என் கையால் எழுதினேன். எந்த நம்பர் படம், எந்த நேரத்தில் அழிந்தது என்று ஒரு சின்ன டேபிளில் குறித்து வைக்கும்படி இரண்டு வரி சேர்த்தேன். இனி யாராவது வந்து ‘இருக்கா, இல்லையா’ என்று கேட்டால் நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

சோதனைக்கு என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையே போட்டேன். பெயர், ராசி எல்லாம் கொடுத்து என்னையே ஒரு வரனாகப் பதிவு செய்தேன். உள்ளே என் படம் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். வரியை நீக்கினேன். நம்பரைக் கொடுத்துத் திறந்தேன். அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. எழுந்து நின்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னாமா, ஒண்ணுமே இல்லியே,” என்றார். “அதுதான்க்கா,” என்றேன்.

முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அவர் போனில் இருந்தார். டிஸ்கில் இடம் மிச்சமாகும் என்றதும் கையை அசைத்துச் சரி என்றார். அன்று சாயந்தரத்துக்குள் ட்ரிக்கரைப் போட்டு, ஏற்கெனவே தேங்கிக் கிடந்த பழைய படங்களையும் கழித்துவிட்டேன். எந்த வரியும் சுட்டாத படங்களை மட்டும் தேடி அழிக்க டேட்டாபேஸோடு ஒரு சின்னப் புரோகிராம் வரும். அது ஓடி முடித்தபோது மேடத்தின் படமும் போயிருந்தது. மூன்று முறை சரிபார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது, விவரத்தை எடுத்துவிடுங்கள் என்றார். எழுதி வாங்கிக்கொண்டு அக்கா நீக்கினார். அவர் படியிறங்கிப் போனார். அக்கா வழக்கம்போல் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர், “இங்க வாம்மா, இன்னாது இது? மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல வெறுங்கட்டம் கீது,” என்று கூப்பிட்டார்.

முகப்புப் பக்கத்தில் ‘இந்த வாரப் புதிய வரன்கள்’ என்று ஒரு வரிசை ஓடும். அதில் ஒரு பெண்ணின் படம் காணோம். வெள்ளைக் கட்டம், மூலையில் சிவப்புக் குறி.

என் ட்ரிக்கரில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வரியை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த பட நம்பரும், சற்றுமுன் ட்ரிக்கர் அழித்துக் குறித்து வைத்திருந்த நம்பரும் ஒன்றேதான். பெருங்களத்தூர்ப் பெண்ணின் முகம் இரண்டு பெயர்களில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அசல் விவரத்தை நீக்கியதும் ட்ரிக்கர் படத்தை அழித்தது. ஒட்டுண்ணி மாதிரி அதே நம்பரைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொரு பெயருக்கு முகம் இல்லாமல் போய்விட்டது.

நம்பர்கள் தானாக மாறிப்போய் ஒட்டுவதற்கு ஒரு முறை இருக்காது, கன்னாபின்னாவென்று இருக்கும். இதில் முறை இருந்தது. புதிய வரன்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பட நம்பர்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். நேற்று ஏற்றிய படத்துக்குப் பெரிய நம்பர், பழையதற்குச் சின்னது. இங்கே, இந்த வாரம் பதிவான பெண்களுக்கு ஆபீஸ் திறந்த புதிதில் ஏற்றிய படங்களின் நம்பர்கள் இருந்தன. வயது எல்லாருக்கும் இருபத்து மூன்றிலிருந்து இருபத்தாறுக்குள். எல்லாம் அழகான முகங்கள். எல்லாமே ஒரே லாகினிலிருந்து பதிவானவை. கண்ணாடி அறைக்குள் இருந்த லாகின்.

பிறகு எழுந்து உள்ளே போனேன்.

“சார், புது வரன்கள் எல்லாம் நீங்களா பதிவு பண்ணீங்க?”

அவர் மறுக்கவில்லை. மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

“காலைல இருந்து ஒரு போட்டோவும் ஏற மாட்டேங்குது. எழுதி வெச்ச நம்பரெல்லாம் போட்டா கட்டம் கட்டமா வருது. என்ன பண்ணி வெச்சிருக்கே?” என்று என்னிடமே கேட்டார். மேஜை மேல் ஒரு சின்ன டைரி திறந்திருந்தது. நம்பர்கள். பக்கத்தில் சிலவற்றுக்கு நட்சத்திரக் குறி. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த ஆள் அவருக்குப் பழைய படங்களைப் பார்க்க ஒரு வழி செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை வைத்து நல்ல முகங்களாகப் பொறுக்கி வைத்திருந்தார்.

“அந்த மேடம் படமும் இப்படித்தான் வந்ததா சார்? டெக்னிக்கல் எரர்னு சொன்னீங்களே. நான் சாரி சொன்னேனே.”

“நீ ஏம்மா டென்ஷன் ஆகறே? அவங்க பேரைப் போடலை, ஊரைப் போடலை. வெறும் போட்டோதானே. முதல் பக்கத்துல நாலு நல்ல முகம் இருந்தாத்தான் பையன் வீட்டுக்காரங்க மெம்பர் ஆவாங்க. எல்லா எடத்துலயும் இதான் நடக்குது.”

“அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார்.”

“அதனாலதான். கல்யாணம் ஆனவங்கதான் சேஃப். அவங்க திரும்ப நம்ம சைட்டுப் பக்கமே வர மாட்டாங்க.”

இந்த வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எனக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிற தொனியில். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தொனியை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. அந்த மேடத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரு குடும்பமே கேள்வி கேட்டதை இவர் காதால் கேட்டவர்தானே? கேட்டுவிட்டு உள்ளே வந்து அடுத்த நட்சத்திரக் குறியைத் தேடியிருக்கிறார்.

“பேக்கப் சி.டி.லேர்ந்து எல்லாப் படத்தையும் திருப்பிப் போடு. அந்த ட்ரிக்கரையோ என்னவோ அதைத் தூக்கு,” என்றார்.

நான் வெளியே வந்து சி.டி.யைப் போட்டேன். திருப்பிப் போடுவதற்காக இல்லை, என்ன இருக்கிறது என்று பார்க்க. விவரங்கள் இருந்தன. படங்கள் ஒன்றுகூட இல்லை. பேக்கப் எடுக்கும்போது படங்களையும் சேர் என்று தனியாகச் சொன்னால்தான் சேர்க்கும். அதை யாரும் சொல்லவே இல்லை. நான் வந்து எட்டு மாதம் ஆகியும் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. வேலை தெரிந்த யாரும் இதற்கு வெட்கப்பட வேண்டும். அன்று எனக்கு வெட்கம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. வெட்கம் பிறகு வந்தது.

“படம் எதுவும் திரும்ப வராது சார்,” என்று வாசலில் நின்று சொன்னேன்.

“எத்தனை முகம் போச்சு தெரியுமா உனக்கு!” என்று கத்தினார்.

அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“சார்,” என்றார் அக்கா. “அந்தப் பொண்ணுங்களப் பெத்தவங்க வந்து என்னாண்டதான் நிப்பாங்க. எடுத்துட்டியாம்மா, எடுத்துட்டியாம்மான்னு ரெண்டு தபா கேப்பாங்க. எடுத்துட்டேன், தைரியமா போங்கன்னு சொல்லிகினு இருந்தவ நானு. எம் பேரையும் கையெழுத்தையும் போட்டுகினு இருந்தேன். நீ உள்ள உக்காந்துகினு அதே மூஞ்சிங்கள வித்துகினு இருந்தியா?”

அக்கா முதலாளியை ஒருமையில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

“போய் வேலையப் பாரும்மா. உனக்கு இதெல்லாம் புரியாது.”

“இன்னா புரியாது? எங்க வூட்டுலயும் பொண்ணுங்க கீது. இது புரியறதுக்கு கம்ப்யூட்டர் படிக்கணுமா?”

முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வண்டி கிளம்பும் சத்தம் கீழே கேட்டது. சாயந்தரத்துக்குள் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்று படியிறங்கும்போதே ஒரு குரல் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

அக்கா அலமாரியிலிருந்து அந்தக் கடித ஃபைலை எடுத்துவந்து என் மேஜையில் வைத்தார். “இதுல கையெழுத்து போட்டவங்க எல்லாரும் எடுக்கச் சொன்னவங்கதானே? நாம எடுத்தா தப்பா?”

தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது. முதலாளி உத்தரவு இல்லாவிட்டால் என்ன, உரியவர்களின் உத்தரவு எழுத்தில் இருந்ததே. அக்கா ஒவ்வொரு கடிதமாகப் பெயரும் பதிவு எண்ணும் வாசிக்க, எந்தப் போலி வரன் அவர்கள் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நான் தேடினேன். அவர்கள் நீக்கச் சொன்ன அசல் விவரங்கள் பேக்கப்பில் இருந்ததால் நம்பர்களை ஒப்பிட முடிந்தது. கிடைத்ததையெல்லாம் நீக்கினேன். ஒவ்வொரு வரி போகும்போதும் ட்ரிக்கர் படத்தையும் எடுத்துக்கொண்டு போனது.

நடுவில் ஒரு தப்பும் நடந்தது. போலிகளில் சில, இன்னும் வரன் தேடிக்கொண்டிருந்த நிஜ வாடிக்கையாளர்களின் படத்தையும் பிடித்திருந்தன. அவசரத்தில் அப்படி ஒன்றை நீக்கியதும், நிஜப் பெண்ணின் படமும் போய்விட்டது. அதே படத்தை வேறு வரி சுட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அழிக்கும்படி ட்ரிக்கரை அப்புறம் திருத்தினேன். முதலிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். ஒரு முகம் ஒரு பெண்ணுக்குத்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்! குரோம்பேட்டையிலிருந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அக்கா போன் செய்து, “போட்டோ அழிஞ்சு போச்சும்மா, இன்னொண்ணு எடுத்துகினு வா,” என்றார். அவர்கள் திட்டினார்கள். வாங்கிக்கொண்டார்.

முதலாளி திரும்பி வந்தபோது முகப்புப் பக்கத்தில் நிஜமான வரன்கள் மட்டும் இருந்தார்கள். கொஞ்சம் பேர்தான். கருப்பான பெண்கள், கண்ணாடி போட்ட பெண்கள், போட்டோ எடுக்கும்போது பயந்துபோய் நின்ற பெண்கள். என்னை அன்றே போகச் சொல்லிவிட்டார். அனுபவச் சான்றிதழ் தரமுடியாது என்றார். “டேட்டாவை அழிச்சேன்னு நாலு பேர்கிட்ட சொன்னா உனக்கு எங்கேயும் வேலை கிடைக்காது,” என்றும் சொன்னார். அழித்ததற்குத் தண்டனை. அழித்ததாகச் சொல்லி அழிக்காமல் இருந்ததற்கு அந்த ஆபீஸில் யாருக்கும் எந்தத் தண்டனையும் இல்லை. அக்காவை அவர் போகச் சொல்லவில்லை. அக்காவே கைப்பையை எடுத்துக்கொண்டு என்னோடு படியிறங்கினார். கேளம்பாக்கம் பஸ் வரும்வரை முடிச்சூர் ரோடு முனையில் நின்றோம். “பேஜாரு புடிச்ச வேலைம்மா,” என்று மட்டும் சொன்னார்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. மறுநாள் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்த மேடத்துக்குப் போன் செய்தேன். கடிதத்தில் இருந்த அவர் அப்பாவின் நம்பருக்கு முதலில் பேசி, மேடத்தின் நம்பரை வாங்கியிருந்தேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அன்று ‘அழிச்சாச்சு’ என்று நான் சொன்னது பொய்யாக இருந்ததையும், பிறகு உண்மையிலேயே அழித்ததையும் சொன்னேன்.

பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“இதை எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேட்டார்.

“குடுக்கிறேன் மேடம்.”

“உங்க பேர் போட்டு?”

“பேர் போட்டுத்தான்.”

என் அப்பாவிடம் சொன்னபோது அவர் பயந்தார். வேலை தேடுகிற பெண், இதெல்லாம் எழுத்தில் எதற்கு என்றார். நான் எழுதினேன். இன்ன இணையதளத்தில் நான் வேலை பார்த்தேன், இந்தப் படம் இவருக்குத் தெரியாமல், இவர் குடும்பம் நீக்கச் சொன்ன பிறகும், முதலாளியால் பயன்படுத்தப்பட்டது, இதில் இவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று, ஒரு முழு வெள்ளைத்தாளில், கையால். அவர் கல்லூரி முடிந்து வரும் நேரத்தில் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வைத்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். இரண்டு ட்ரெயின்களைப் போகவிட்டார்.

“இதைக் காட்டினா வீட்டுல ஒத்துக்குவாங்க,” என்றார். “என் வீட்டுக்காரர் முன்னமே நம்பினார்னுதான் நினைக்கிறேன். ஆனா அவங்கம்மா முன்னாடி வாயைத் திறக்கலை.” தாளை மடித்து அதே பிளாஸ்டிக் ஃபைலில் வைத்தார். “நான் ஒரு தப்பும் பண்ணலைன்னு சொல்ல யாரோ முன்பின் தெரியாத ஒருத்தர் லெட்டர் தேவைப்படுது பாருங்க. அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு.”

தேங்க்ஸ் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சென்னை பீச் வண்டி வந்தது, பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார்.

எனக்கு வேலை கிடைக்க நாலைந்து மாதம் ஆனது. சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனி. சான்றிதழ் இல்லாததால் அனுபவமே இல்லாதவள் என்று கணக்கு வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா கோவளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி ஒருமுறை பேசினார்.

ஒருநாள் மதியம் கேன்டீனில் இருந்தபோது அந்த முதலாளியிடமிருந்து போன் வந்தது. யாரிடம் என் நம்பரை வாங்கினாரோ. நலம் விசாரித்தார். எங்கே வேலை, எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

“புதுசா ஒரு பையன் வந்திருக்காம்மா. எந்த விவரத்தை எடுத்தாலும் போட்டோவும் சேர்ந்து போயிடுதாம். எங்கேர்ந்து போகுதுன்னே கண்டுபிடிக்க முடியலையாம். நீ என்னமோ பண்ணினியே, அதை எப்படி எடுக்கறதுன்னு மட்டும் சொல்லிடேன்.”

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ட்ரிக்கரை எடுக்க ஒரே ஒரு வரி போதும். வாய்வரை வந்தது, பழக்கம், யாராவது கேட்டால் சொல்லிக்கொடுத்துவிடுகிற புத்தி.

“எடுக்க முடியாது சார்,” என்றேன்.

பொய்தான். அந்த ஆபீஸுக்காக நான் சொன்ன இரண்டாவது பொய். முதலாவதற்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.